ஆஃப் செய்த பின்னும் ஓடும் ஜிபிஎஸ்

கேமராவுக்குள்ளேயே ஜிபிஎஸ் இருந்தால், எடுக்கிற ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், உலகப் பொது நேரம் ஆகியவை தாமாகவே பதிந்துவிடும். இந்த வசதியின் செலவு முழுக்கப் பேட்டரியின் தலையில் விழுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்த கேமராவை நாலைந்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், ஒரு படம்கூட எடுக்காமலே பேட்டரி பாதிக்கு இறங்கியிருக்கும். லித்தியம் அயனி பேட்டரி சும்மா இருந்து தானாக இழக்கும் சக்தி மாதத்துக்குச் சில சதவீதம்தான். ஆகவே பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஜிபிஎஸ் மெனுவை. பல கேமராக்களில் பவர் பட்டனை ஆஃப் செய்தாலும் ஜிபிஎஸ் ஆஃப் ஆவதில்லை.

இது தயாரிப்பில் நேர்ந்த பிழை அல்ல. யோசித்தே இப்படி வைத்திருக்கிறார்கள். கேமராவை ஆன் செய்த அடுத்த நொடியில் படம் எடுக்க வேண்டியிருக்கும். ஜிபிஎஸ்ஸோ இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நொடி முதல் சில நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். கேமரா ஓய்ந்திருக்கும்போதும் அது விழித்திருந்தால்தான் முதல் படத்திலேயே இடம் பதியும். 2012-ல் வந்த கேனான் இஓஎஸ் 6டி-யில் ஜிபிஎஸ்ஸை இயக்கி வைத்தால், கேமராவை ஆஃப் செய்த பிறகும் மேல்பக்கச் சிறு திரையில் அதன் குறி அணையாமல் நிற்கும். இதனால் பலர் அவதிப்பட்டார்கள். 2014-ல் வந்த 7டி மார்க் II-ல் இரண்டு முறைகள் சேர்க்கப்பட்டன. முதல் முறையில் கேமரா ஆஃப் ஆனாலும் ஜிபிஎஸ் ஓடும்; இரண்டாம் முறையில் கேமராவோடு சேர்ந்து அதுவும் நிற்கும். நிக்கான் டி5300-ல் இடத்தகவல் மெனுவுக்குள்ளேயே ஸ்டான்ட்பை டைமர் இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், யாரும் கேமராவைத் தொடாதபோது ஜிபிஎஸ்ஸும் ஓய்ந்துவிடும். ஒலிம்பஸ் டிஜி-5 போன்ற நீர்புகாக் கேமராக்களில் நடந்த பாதையைப் பதிவதற்குத் தனி நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளி வைத்துவிட்டு மறந்தால், கேமரா ஆஃப் ஆகியிருந்தாலும் பதிவு நடந்துகொண்டே இருக்கும்.

ஜிபிஎஸ்ஸோடு முதலில் வந்த கையடக்கக் கேமராக்களில் ஒன்று 2008-ன் நிக்கான் கூல்பிக்ஸ் பி6000. 2010-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்துகொண்டன. பறவை பார்ப்பவர்கள் விரும்பி வாங்கிய கூல்பிக்ஸ் பி900 (2015) இந்த வரிசையில் வந்ததுதான். இந்தக் கேமராக்களில் பலவும் இன்றும் நல்ல நிலையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்தச் சிக்கலும் பழங்கதை ஆகிவிடவில்லை.

இடக்குறிப்பு எங்கே தேவை

பேட்டரி தீர்கிறது என்றால் ஜிபிஎஸ்ஸையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். எல்லா ஊருக்கும் அது பொருந்தாது. புதுச்சேரிக்குச் சற்றும் பொருந்தாது. புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலப்பரப்பு அல்ல. பிரெஞ்சு ஆட்சிக்கால எல்லைகள் அப்படியே நீடிப்பதால், தமிழ்நாட்டு நிலத்துக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம் வருகிறது, அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையத்தைக் கடந்து காலாப்பட்டுக்கு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. மேற்கே திருக்கனூர் போகிற வழியும் இப்படித்தான்: நடுவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும்.

கடலரிப்பைப் படமெடுப்பவருக்கு இந்த எல்லை வெறும் வரைபடக் கோடு அல்ல. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டது. நகரக் கடற்கரை மணலை இழந்து கருங்கல் குவியலாயிற்று. அரிப்பு வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என மீனவ ஊர்களுக்குப் பரவியது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி 2018-ல் கடலுக்குள் ஆப்பு வடிவத் திட்டு அமைக்கப்பட்ட பிறகு நகரக் கடற்கரையில் மணல் மீண்டும் சேர்ந்தது. இந்த மாற்றங்களை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்தால்தான் ஒப்பிட முடியும். இடிந்த வீடு எந்த அரசின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் படமே சொல்ல வேண்டும். அடையாளம் சொல்லும் தென்னையையும் வலைக்கூடத்தையும் கடல் கொண்டுபோன பிறகு, மிஞ்சுவது கோப்புக்குள் பதிந்த எண்கள் மட்டுமே.

கட்டடங்களுக்கும் இதே தேவை உண்டு. கடற்கரைச் சாலையிலிருந்த மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டப்பட்டது. இப்படி மீட்டெடுக்கும்போது முன்பு எடுத்த படங்களும், எங்கே நின்று எந்தப் பக்கத்தைப் பார்த்து எடுத்தார்கள் என்ற விவரமும் நேரடியாகப் பயன்படும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 1950-களில் தொடங்கிய வேலை அது. முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஏவப்பட்ட ஆண்டு 1978 என்பதால், அந்தப் பழைய படங்களுக்கெல்லாம் ஊர்ப்பெயரும் கோயில்பெயருமே முகவரி. இன்று ஒருவர் அதே தூணைத் தேடிப் போய்ப் படமெடுத்தால், அந்த முகவரி சில மீட்டருக்குள் சுருங்கிவிடும்.

ஆகவே ஜிபிஎஸ்ஸை நிறுத்துவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எந்த நேரத்தில் ஓடவிடுவது என்று கேட்பதுதான் பொருத்தம்.

மின்சாரம் எங்கே போகிறது

ஜிபிஎஸ் அடிப்படையில் ஒரு நேரக்கணக்கு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரத்தின் நேரத்தை இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. ஒவ்வொரு குறிப்பலையும் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் தூரமாக மாறுகிறது. மூன்று அச்சு நிலைக்கு மூன்று, கேமராவுக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைத் தீர்க்க ஒன்று என்று குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்.

நேரத்திலிருந்து இடத்தைக் கணக்கிடும் வேலை புதுச்சேரிக்குப் புதிதல்ல. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-ல் இங்கே வந்து சேர்ந்த பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தீ, சிதைந்து கிடந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் அமைத்து, ஊரின் தீர்க்கரேகையை அறியும் அளவீடுகளையும் செய்தார். கடப்பு நிகழ்ந்த 1769 ஜூன் 4 காலையில் வானத்தை மேகம் மூடிவிட்டது. அந்தக் காலத்தில் இரவு இரவாகச் செய்த கணக்கை இன்று ஒரு சில்லு அரை நிமிடத்தில் முடிக்கிறது. ஆனால் அந்த அரை நிமிடத்துக்கு அது கடுமையாக உழைக்க வேண்டியிருக்கிறது.

காரணம், வந்து சேரும் குறிப்பலையின் மெலிவு. ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மேலும் நூறாகப் பிரித்தால் கிடைக்கும் அளவுதான் தரையை எட்டுகிறது. ஆன்டெனாவின் சொந்த இரைச்சலுக்கு அடியில் அது மூழ்கிக் கிடக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துடிப்புகள் கொண்ட தனிக் குறியீட்டை மில்லி நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பெறும் கருவி அதே குறியீட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வருவதோடு பொருந்துகிறதா என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறது. அரைத் துடிப்பு வீதம் நகர்த்தினால் 2,046 நிலைகள். செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை சற்று மாறி வரும் என்பதால், ஒவ்வொரு நிலையையும் சுமார் 20 அலைவரிசைகளில் சோதிக்க வேண்டும். எந்தச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 32 குறியீடுகளையும் சோதிக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 13 லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள். பேட்டரியை அதிகம் உறிஞ்சுவது இந்தத் தேடல்தான். ஒருமுறை பிடி கிடைத்துவிட்டால், அகப்பட்ட சில செயற்கைக்கோள்களை விடாமல் பின்தொடர்ந்தால் போதும். வேலை பல மடங்கு குறைந்துவிடும்.

பிடி கிடைத்த பிறகும் ஒரு காத்திருப்பு உண்டு. செயற்கைக்கோள் தன் பாதையின் துல்லிய விவரத்தை, அதாவது எபிமெரிஸை, நொடிக்கு 50 பிட் என்ற மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புகிறது. அது 30 நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒருமுறை பெற்றது ஏறத்தாழ நான்கு மணி நேரம் செல்லுபடியாகும். எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கே இருக்கும் என்று சொல்லும் அல்மனாக் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். அது வாரக்கணக்கில் பயன்படும். ஊருக்குப் பொதுவான ஆண்டுப் பஞ்சாங்கம் அல்மனாக் என்றால், அன்றைக்கு அந்த நேரத்துக்கென்று துல்லியமாகக் கணித்த குறிப்பு எபிமெரிஸ். இரண்டும் கையிருப்பில் இருந்தால் சில நொடியில் இடம் தெரிந்துவிடும். எபிமெரிஸ் காலாவதியாகியிருந்தால் அரை நிமிடமாவது ஆகும். பல வாரம் கிடப்பில் இருந்த கேமராவோ, சென்னையில் ஆஃப் செய்து பாரிஸில் ஆன் செய்த கேமராவோ முதலிலிருந்து எல்லாவற்றையும் தேட வேண்டும்.

இனி ஒரு கணக்கு. கேனான் 6டி-யின் எல்பி-இ6 பேட்டரி 7.2 வோல்ட், 1,800 மில்லி ஆம்பியர் மணி. கொள்ளளவு சுமார் 13 வாட் மணி. ஜிபிஎஸ் பகுதி சராசரியாக 60 மில்லிவாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் 1.44 வாட் மணி போகும். கொள்ளளவில் ஒன்பதில் ஒரு பங்கு. பி900-ன் பேட்டரி 3.8 வோல்ட், 1,850 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 7 வாட் மணிதான். அதே ஜிபிஎஸ் அதில் ஒரு நாளைக்கு ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஜிபிஎஸ்ஸுக்காகக் கேமராவின் வேறு சில சுற்றுகளும் விழித்திருக்க வேண்டி வந்தால் இழப்பு இன்னும் கூடும்.

எண்ணைத் தனியாகப் பார்த்தால் 60 மில்லிவாட் அற்பம். திரையைப் பார்த்துப் படமெடுக்கும்போது ஒரு கேமரா இரண்டு வாட் வரை எளிதாக எடுத்துக்கொள்ளும். 6டி-யில் கண்ணாடி வழிப் பார்த்து எடுத்தால் ஒரு சார்ஜுக்கு 1,090 படமும், திரை வழி எடுத்தால் 220 படமும் வரும் என்று நிறுவனமே தரும் அளவிலிருந்து திரையின் பசி தெரியும். ஆனால் திரை நாளெல்லாம் எரிவதில்லை. இரண்டு வாட் வீதம் அரை மணி எரிந்தால் ஒரு வாட் மணி. யாரும் தொடாத கேமராவுக்குள் நாள் முழுதும் ஓடும் ஜிபிஎஸ் அதைவிட அதிகம் செலவழிக்கிறது. பேட்டரியைக் காலி செய்வது ஜிபிஎஸ்ஸின் வலு அல்ல. அது ஓடும் மணி நேரம்.

வானம் தெரியாத இடங்கள்

ஜிபிஎஸ் வீணாக உழைப்பது வானம் மறைந்த இடத்தில்தான். இரவில் கேமராவை ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டினால் குறிப்பலை துளியும் உள்ளே நுழையாது. இயங்கிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கு இது தெரியாது. தலைக்கு மேல் செயற்கைக்கோள் இருந்தாக வேண்டும் என்று லட்சக்கணக்கான சேர்க்கைகளை மறுபடி மறுபடி சோதிக்கும். சில கேமராக்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஓய்ந்து, இடைவெளி விட்டு மறுபடி தேடும். சில அவ்வளவு பொறுமையாக எழுதப்படவில்லை. திறந்த கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடுவதைவிட பீரோவுக்குள் ஒரு மணி நேரம் ஓடும் ஜிபிஎஸ்தான் பேட்டரிக்கு அதிகக் கேடு.

நகருக்குள் இடத்துக்கு இடம் நிலைமை மாறும். காந்தி சிலை அருகே நின்றால் கிழக்கில் கடல். பாதி வானம் தடையின்றித் திறந்திருக்கும். பிரெஞ்சுக்காரர் பகுதியின் நேர்த் தெருக்களில் இருபுறமும் உயர்ந்த சுவர்கள். தெருவின் நீளவாக்கில்தான் வானம் தெரியும். அங்கே குறிப்பலை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், பதியும் இடம் அடுத்த தெருவுக்கு நழுவக்கூடும். தமிழர் பகுதி வீட்டில் தெருவோரத் தாழ்வாரத்திலும் திண்ணையிலும் குறிப்பலை அரைகுறை. உள்முற்றத்துக்கு வந்தால் மேலே திறந்திருக்கும் சதுரத்தின் வழியே ஒன்றிரண்டு செயற்கைக்கோள் தென்படலாம், நான்கு அகப்படுவது கடினம். பெரிய மார்க்கெட்டின் கூரைகளுக்கு அடியிலோ, மணக்குள விநாயகர் கோயிலுக்குள்ளோ, திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் உள்ளேயோ எதிர்பார்ப்பதே வீண். தாவரவியல் பூங்காவின் அடர்ந்த மரங்களுக்கடியில், அதுவும் மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது, குறிப்பலை மேலும் மெலியும்.

தென்னிந்தியாவுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. புவியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியே செல்கிறது. அதை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த சில மணி நேரம் வரை அயனி மண்டலம் கொந்தளித்து, குறிப்பலையை மின்னி மங்கச் செய்யும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, இது கூடுதல். அப்படிப்பட்ட மாலைகளில் ஜிபிஎஸ் பிடியை இழந்து மறுபடி தேடுவது கேமராவின் குறையல்ல.

ஓடவிடும் முறை

முதல் வேலை, கேமராவை ஆஃப் செய்தால் ஜிபிஎஸ்ஸும் நிற்கும்படி மெனுவில் அமைப்பது. அந்த வசதி இல்லாத மாடலில், வேலை முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஜிபிஎஸ்ஸையே நிறுத்த வேண்டும். பல கேமராக்களில் அடிக்கடி பயன்படும் மெனுக்களைத் தனிப் பக்கமாகத் தொகுத்துக்கொள்ளலாம்; ஜிபிஎஸ் வரியை அதில் முதலில் வைத்தால் பழக்கமாகிவிடும். நடந்த பாதையைப் பதியும் லாக் வசதி தனியாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். படத்தில் இடம் பதிவது வேறு, பாதை பதிவது வேறு. முன்னதற்குப் பின்னது தேவையில்லை.

அடுத்தது புதுப்பிக்கும் இடைவெளி. கேனான் கேமராக்களில் ஒரு நொடியிலிருந்து ஐந்து நிமிடம் வரை தேர்ந்துகொள்ளலாம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் 15 நொடியில் 21 மீட்டர் நகர்வார். ஒரு நிமிடத்தில் 83 மீட்டர். கட்டடங்களைப் படமெடுத்துத் தெருத்தெருவாக நடப்பவருக்கு 15 நொடி பொருத்தம். ஒரு நிமிடம் விட்டால் வீடு மாறிப்போகும். ஸ்கூட்டரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நிமிடத்தில் 500 மீட்டர் கடந்துவிடுவார், ஆனால் வண்டியை நிறுத்தித்தானே படம் எடுக்கிறார்? நிறுத்தியதும் அடுத்த புதுப்பிப்புக்குக் காத்திருந்தால் போதும். ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து நொடி மட்டும் விழிக்கும் ஜிபிஎஸ், இடைவிடாமல் ஓடுவதைக் காட்டிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு சக்தியில் பிழைத்துக்கொள்ளும். வானம் தெரிகிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு செல்லும். பைக்குள் கிடந்தால் ஐந்து நொடியில் முடியவேண்டிய வேலை முடியாமல் நீண்டு, இடைவெளியால் வந்த லாபம் போய்விடும்.

ஊசுட்டேரியில் இந்த அமைப்புகளை இன்னும் தளர்த்தலாம். நகருக்கு மேற்கே உள்ள இந்த ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியைச் சேர்ந்தது, மறுபகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி அரசு 2008-ல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடும் பின்னர் தன் பகுதியை அறிவித்தது. கரையில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து நாமக்கோழியையும் பாம்புத்தாராவையும் நீலத்தாழைக் கோழியையும் எடுப்பவருக்கு ஐந்து நிமிட இடைவெளி தாராளம். கேமரா பதிவது பறவையின் இடத்தை அல்ல, படமெடுத்தவர் நின்ற இடத்தை என்பதையும் மறக்கக் கூடாது. பி900-ன் 2,000 மில்லிமீட்டருக்கு இணையான குவியத்தில், புதுச்சேரிக் கரையில் நிற்பவர் எடுத்த பறவை தமிழ்நாட்டுத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கலாம். நொடிக்கொருதரம் இடத்தைப் புதுப்பித்தாலும் இந்த வித்தியாசம் தீராது. எந்தத் திசை பார்த்து எடுத்தது என்பது பதிந்தால்தான் ஓரளவு தெரியும். 7டி மார்க் II போன்ற சில கேமராக்களில் அதற்கு மின்னணுத் திசைகாட்டி இருக்கிறது. கூடு கட்டியிருக்கும் பறவையை எடுக்கும்போது ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிடுவது பேட்டரிக்கு மட்டுமல்ல, பறவைக்கும் நல்லது. இணையத்தில் போடும் படத்திலிருந்து கூட்டின் இடத்தை யாரும் எடுத்துவிடலாம்.

தேடும் நேரத்தைக் குறைக்க இன்னொரு வழி உதவிக்கோப்பு. வரும் நாட்களுக்கான செயற்கைக்கோள் பாதைகளை முன்கூட்டியே கணித்து நிறுவனங்கள் இணையத்தில் தருகின்றன. அதை மெமரி கார்டில் ஏற்றிக் கேமராவில் புதுப்பித்தால், எபிமெரிஸ் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனத்தைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை கோப்பு செல்லும். காலாவதியான கோப்பால் பயனில்லை. பழைய மாடல்களுக்கு இதை இன்னும் தருகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதவிக்கோப்பு இல்லாவிட்டாலும் குறையில்லை. காலையில் வேலையைக் கடற்கரையிலோ மொட்டை மாடியிலோ தொடங்கினால் போதும். கேமராவை ஆன் செய்து, வானத்தைப் பார்க்க ஓரிடத்தில் வைத்து, செயற்கைக்கோள் குறி நிலைத்து நிற்கும்வரை ஓரிரு நிமிடம் விட வேண்டும். நடந்துகொண்டே தேடவிட்டால் எபிமெரிஸ் பாதியில் அறுந்து, அடுத்த 30 நொடிச் சுற்றுக்குக் காத்திருக்க நேரும். ஒருமுறை முழுதாக வாங்கிவிட்டால் மதியம் வரை கவலையில்லை. இடையில் ஆஃப் செய்து ஆன் செய்தாலும் சில நொடியில் பிடித்துக்கொள்ளும். மார்க்கெட்டுக்குள் நுழைகிறபோது நிறுத்திவிட்டு, வெளியே வந்து இயக்கினால் போதும். உள்ளே எடுத்த படங்களுக்கு வாசலில் எடுத்த படத்தின் இடமே பொருந்தும்.

செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை கூடினாலும் தேடல் சுருங்கும். 6டி அமெரிக்க ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்புகிறது. 7டி மார்க் II ரஷ்யாவின் குளோனாஸையும் ஜப்பானின் மிச்சிபிக்கியையும் சேர்த்துக் கேட்கிறது. இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களில் சில புதுச்சேரியின் வானத்தில் பெரும்பாலும் உயரத்தில் நிற்பவை. தெருச் சுவர்கள் அவற்றை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆனால் அவை தொடக்கத்தில் வேறு அலைவரிசைகளில் மட்டும் ஒலிபரப்பின. கேமராச் சில்லுகள் கேட்கும் எல்1 அலைவரிசையைத் தாங்கிய முதல் நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-01, புதுச்சேரிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 மே 29 அன்றுதான் ஏவப்பட்டது.

சுமையை வேறிடத்துக்கு மாற்றுதல்

கேமராவுக்குள் ஜிபிஎஸ்ஸே ஓடாமல் படத்துக்கு இடம் சேர்க்கவும் முடியும். போனில் பாதைப் பதிவு செயலியை ஓடவிட்டு, அது தரும் ஜிபிஎக்ஸ் கோப்பைப் பின்னர் கணினியில் படங்களோடு இணைக்கலாம். டிஜிகேம், எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள்கள் படம் எடுத்த நேரத்தைப் பாதையின் நேரத்தோடு பொருத்தி இடத்தை எழுதிவிடும். இதில் எல்லாமே கேமராக் கடிகாரத்தை நம்பியிருக்கிறது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் நடப்பவரின் படம் 83 மீட்டர் தள்ளிப் பதியும். புதுச்சேரியின் நெருக்கமான தெருக்களில் அது முழுப் பிழை. வேலை தொடங்குமுன் போனின் கடிகாரத்தை நொடி தெரிய ஒரு படம் எடுத்துவைத்தால், வித்தியாசத்தைப் பிறகு கழித்துக்கொள்ளலாம். இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி நேர இடைவெளியையும் மென்பொருளிடம் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் வழி கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் பழைய கேமராக்களில் இன்னொரு பொறி உண்டு. ஜிபிஎஸ்ஸின் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத சில கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் போய்விட்டன.

தனியாக மாட்டும் ஜிபிஎஸ் கருவிகளும் உண்டு. கேனானின் ஜிபி-இ2 தனக்கென்று ஒரு ஏஏ பேட்டரி வைத்துக்கொள்கிறது. நிக்கானின் ஜிபி-1 கேமராவின் பேட்டரியிலிருந்தே உறிஞ்சுகிறது. வாங்குமுன் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பது அவசியம். 2008-ல் வந்த ஜோபோ போட்டோஜிபிஎஸ் செய்ததோ முற்றிலும் வேறு. அது இடத்தைக் கணக்கிடவே இல்லை. படம் எடுக்கும் கணத்தில் மட்டும் விழித்து, காற்றில் வந்த குறிப்பலையை அப்படியே ஒரு துணுக்காகச் சேமித்துவிட்டுத் தூங்கிவிடும். தேடலும் பாதை விவரமும் கணக்கும் பின்னர் வீட்டுக் கணினியில், இணைய உதவியோடு நடக்கும். பேட்டரியைத் தின்னும் வேலை முழுவதையும் சுவரில் செருகிய மின்சாரத்துக்கு மாற்றிய இந்த யோசனை மிகவும் நேர்த்தியானது. சந்தையில் அது நிலைக்காதது வருத்தத்துக்குரியது.

நிலைத்தது புளூடூத். 2016-லிருந்து நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் போன்ற ஏற்பாடுகள், போனில் ஏற்கெனவே ஓடும் ஜிபிஎஸ்ஸின் முடிவைக் குறைந்த சக்தி புளூடூத் வழியே கேமராவுக்கு அனுப்புகின்றன. அதன் பிறகு பல கேமராக்களில் உள்ளமைந்த ஜிபிஎஸ் நீக்கப்பட்டது. பி900-ல் இருந்தது, 2018-ல் வந்த பி1000-ல் இல்லை. நிக்கான் இசட்9, கேனான் ஆர்3 போன்ற பெரிய பேட்டரி தாங்கும் தொழில்முறைக் கேமராக்களில்தான் அது பெரும்பாலும் நீடிக்கிறது. போனை நம்பினால் போனின் பேட்டரி இறங்கும். காட்டில் முழு நாள் நிற்பவர் பவர் பேங்க் எடுத்துப்போவது நல்லது.

பேட்டரியைக் காப்பது

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் சார்ஜ் வேகமாக இறங்கினால் ஒரு சோதனை போதும். ஒரு பேட்டரியை முழுதாக ஏற்றி, ஜிபிஎஸ், வைஃபை, புளூடூத் மூன்றையும் நிறுத்தி, ஓர் இரவு விட்டுக் காலையில் அளவைப் பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மறுநாள் இரவு ஜிபிஎஸ்ஸை மட்டும் இயக்கி அதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றும் நின்றபோதே இறங்கினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

புதுச்சேரியில் பேட்டரியை வயதாக்குவது வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மூடிய காருக்குள் வெப்பம் அதைவிடப் பல டிகிரி ஏறும். லித்தியம் அயனி பேட்டரி வெப்பத்தில் இழக்கும் கொள்ளளவு மறுபடி கிடைப்பதில்லை. முழு சார்ஜோடு சூட்டில் கிடப்பது அதற்கு இன்னும் கேடு. கடற்காற்றின் உப்பு பேட்டரியின் உலோக முனைகளில் படிந்து தொடர்பைக் கெடுக்கும். கடற்கரையில் எடுத்து வந்த அன்றே உலர்ந்த துணியால் முனைகளைத் துடைத்துவிட வேண்டும்.

வாரக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வெளியே எடுத்து, வெயில் படாத இடத்தில் தனியே வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஜிபிஎஸ் எந்த அமைப்பில் இருந்தாலும் ஓட முடியாது. கேமராவின் நாளையும் நேரத்தையும் உள்ளே இருக்கும் ஒரு சிறு மின்கலம் கொஞ்ச காலம் காக்கும். அதுவும் தீர்ந்தால் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். ஆகவே நீண்ட ஓய்வுக்குப் பின் கேமராவை எடுக்கிறவர் முதலில் நேரத்தைச் சரிபார்த்து, பிறகு வானம் தெரியும் இடத்தில் வைத்து ஜிபிஎஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால், அல்மனாக் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு அடுத்த சில வாரங்களுக்குத் தேடல் சுருங்கும்.